கேமரா காட்ட முடியாததைக் காட்டும் மோஷன் கிராஃபிக்ஸ்: ரஞ்சன்குடி கோட்டை முதல் மனை விளம்பரம் வரை

சென்னையிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு ரஞ்சன்குடி கோட்டை பழகிய காட்சி. பெரம்பலூர் வருவதற்கு சுமார் 17 கி.மீ. இருக்கும்போது, கல் மதிலும் அரைவட்டக் கொத்தளங்களும் தெரியும். ஜன்னல் சீட்டில் இருப்பவர் "அது என்ன கோட்டை?" என்று கேட்டு முடிப்பதற்குள் பஸ் தாண்டிப் போய்விடும்.

செல்போன் திரையில் ஒரு விளம்பரத்துக்குக் கிடைக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போகும். பெரும்பாலும் சத்தமும் ஆஃப் செய்யப்பட்டிருக்கும். அந்தச் சில நொடிகளில் ஒருவரை நிறுத்தி, விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். விளம்பரக்காரர்கள் அனிமேஷனையும் மோஷன் கிராஃபிக்ஸையும் தேடிப் போவதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். கேமராவால் படம்பிடிக்க முடியாத எதையும் இதில் காட்டலாம். வயிற்றுக்குள் கரையும் மாத்திரை, 270 வருஷத்துக்கு முந்தைய போர், இன்னும் கட்டவே கட்டாத வீடு என எதுவாகவும் இருக்கலாம்.

சிக்கலும் அந்த இரண்டாவது காரணத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

அனிமேஷன், மோஷன் கிராஃபிக்ஸ்: ரெண்டும் ஒண்ணா?

பலரும் ஒன்றுபோலவே பயன்படுத்தும் வார்த்தைகள் இவை. பொதுவாக, ஒரு கதாபாத்திரம் நடந்து, சிரித்து, அழுது கதை சொன்னால் அதை அனிமேஷன் என்கிறார்கள். எழுத்து, எண், கோடு, வட்டம், வரைபடம், லோகோ போன்றவை அசைந்து தகவல் சொன்னால் அது மோஷன் கிராஃபிக்ஸ். தேர்தல் நாளில் டிவி திரையில் ஏறி இறங்கும் கட்சிவாரிக் கட்டங்கள், கிரிக்கெட்டில் பந்து போன பாதையைக் காட்டும் கோடு, புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று காட்டும் வரைபடம் எல்லாம் இந்த இரண்டாவது வகை. பெயர் தெரியாமலே நாம் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது மோஷன் கிராஃபிக்ஸைத்தான்.

இந்தப் பெயரை முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜான் விட்னி. 1960-ல் இதே பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினார். அதற்கு முன்பே சால் பாஸ் என்ற வடிவமைப்பாளர் சினிமா டைட்டில் கார்டுகளை அசைய வைத்திருந்தார். 1955-ல் வந்த 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' படத்தின் டைட்டிலில் வெள்ளைக் கோடுகள் நகர்ந்து நகர்ந்து கடைசியில் ஒரு கோணல் கையாக மாறும். 1958-ல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படத்துக்கு இவர்கள் இருவரும் சேர்ந்து சுழல் வடிவங்களை உருவாக்கினார்கள். பெயர் போடும் நேரத்தில் தியேட்டருக்கு வெளியே நின்று டீ குடித்துவிட்டு வரலாம் என்ற பழக்கத்தை மாற்றிய ஆட்கள் இவர்கள் என்று சொல்லலாம்.

அசைவு எப்படி உண்டாகிறது? சினிமா கணக்கில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம்கள். கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்து, நொடிக்கு 12 படங்களில் வேலையை முடிப்பார்கள். கம்ப்யூட்டரில் தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் குறித்தால் நடுவில் உள்ளதை மென்பொருளே நிரப்பிவிடும். ஆனால் அப்படியே விட்டால் அசைவு உயிரில்லாமல் இருக்கும். பஸ் கிளம்பும்போது எடுத்த எடுப்பில் 80 கி.மீ. வேகத்தில் போவதில்லை, மெதுவாக நகர்ந்து, வேகம் பிடித்து, ஸ்டாப்பிங் வரும்போது தணிகிறது. திரையில் ஓடும் ஒரு சாதாரண வட்டத்துக்கும் அந்த வேகமாற்றத்தைக் கொடுக்க வேண்டும். இதைத்தான் 'ஈஸிங்' என்கிறார்கள். நல்ல கைக்கும் கற்றுக்குட்டிக்கும் உள்ள வித்தியாசம் முதலில் தெரிவது இங்கேதான்.

நம்ம ஊருக்கு இது புதுசா?

இல்லை. 1947-லேயே சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் என்.தாணு 'சினிமா கதம்பம்' என்ற கார்ட்டூன் குறும்படத்தை எடுத்தார். 1956-ல் மும்பையில் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியது. டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் அங்கே வந்து பயிற்சி கொடுத்தார். இந்திய அனிமேஷனின் தந்தை எனப்படும் ராம் மோகன் அந்தப் பிரிவில் உருவானவர். 2000-ல் சென்னையின் பென்டாஃபோர் நிறுவனம் 'சிந்துபாத்' கதையை முழுக்க மோஷன் கேப்சர் முறையில் எடுத்தது. 2014-ல் ரஜினியின் 'கோச்சடையான்' அதே முறையில் வந்தது.

சினிமாவில் இந்த முயற்சிகள் விட்டு விட்டுத்தான் வந்தன. தொடர்ச்சியாகச் சோறு போட்டது விளம்பரமும் டிவியும்தான்.

ஜூஜூ சொல்லும் பாடம்

விளம்பரத்தில் அனிமேஷன் என்றதும் 90-களில் வளர்ந்தவர்களுக்கு 7அப் பாட்டிலோடு வரும் ஃபிடோ டிடோ ஞாபகம் வரும். தலையில் நாலு முடி, நாலைந்து கோட்டில் உடம்பு. 1985-ல் அமெரிக்காவில் இரண்டு பெண்கள் உருவாக்கிய பாத்திரம் அது. நிஜ மனிதர்கள் வியர்த்து வழியும் உலகத்தில் ஒரு கோட்டோவியம் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் நடந்து போகும். 'இதைக் குடித்தால் கூலாக இருக்கலாம்' என்ற வசனத்துக்கு அங்கே வேலையே இல்லை.

அடுத்த பெரிய அலை 2009-ல். தேர்தல் காரணமாக ஐ.பி.எல். இரண்டாவது சீசன் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. ஓவர் இடைவெளிகளில் முட்டைத் தலையும் குச்சிக் கை காலுமாக வெள்ளை உருவங்கள் வந்து கலாட்டா செய்தன. வோடஃபோனின் ஜூஜூ. "சூப்பர் கிராஃபிக்ஸ்" என்று நாடே பேசியது.

அதில் அனிமேஷனே கிடையாது என்பதுதான் ஆச்சரியம். ஜூஜூக்கள் அத்தனையும் வெள்ளைத் துணி உடைக்குள் நுழைந்த நிஜ மனிதர்கள். ஓகில்வி விளம்பர நிறுவனத்துக்காக இயக்குநர் பிரகாஷ் வர்மாவின் நிர்வாணா ஃபிலிம்ஸ் கேப் டவுனில் எடுத்தது. உருவம் சின்னதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒல்லியான பெண்களையும் குழந்தைகளையும் நடிக்க வைத்தார்கள், செட்டில் உள்ள பொருட்களைப் பெரிதாகச் செய்தார்கள். கண், வாய் எல்லாம் ரப்பரில் வெட்டி முகத்தில் ஒட்டியது. வழக்கமான வேகத்துக்குப் பதில் நொடிக்கு 20 ஃப்ரேமில் எடுத்ததால், திரையில் ஓடும்போது கார்ட்டூன் போலவே துறுதுறுவென்று அசைந்தன. சுமார் 30 விளம்பரங்கள், ஏறக்குறைய நாளுக்கு ஒன்று.

மென்பொருள் எவ்வளவு விலை என்பது ஜூஜூவில் ஒரு பொருட்டே இல்லை. ஒரு சேவையை ஒரு சின்ன சிரிப்புக் கதையாகச் சுருக்கினார்கள். முகத்தில் தேவையில்லாத எதையும் வைக்கவில்லை. பேச்சும் எந்த மொழியிலும் சேராத முனகல் என்பதால் காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் டப்பிங் இல்லாமல் புரிந்தது. இன்றைக்கு லேப்டாப்பில் நூறு எஃபெக்ட் இருக்கிறது என்பதற்காக நூறையும் ஒரே வீடியோவில் கொட்டுபவர்கள் இந்த விளம்பரங்களை ஒருமுறை திரும்பப் பார்க்கலாம்.

பொருள் விற்பதற்கு மட்டும்தான் என்றில்லை. 2012-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் மெட்ரோ ரயில் நிறுவனம் 'டம்ப் வேஸ் டு டை' என்ற அனிமேஷன் பாடலை வெளியிட்டது. உருண்டை உருண்டையான பொம்மைகள் அசட்டுத்தனமாகச் செத்துக்கொண்டே போகும். கடைசி மூன்றும் ரயில் பாதையில் அஜாக்கிரதையாக இருந்து சாகும். இதையே நிஜ மனிதர்களை வைத்து எடுத்திருந்தால் யாரும் முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்கக் கூசும் விஷயத்தைப் பார்க்க வைக்க முடிந்தது கார்ட்டூன் என்பதால்தான்.

தமிழ் எழுத்து ஆடும்போது ஏன் உடைகிறது?

வெளிநாட்டு டெம்ப்ளேட்டை எடுத்துத் தமிழில் போடுபவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. தட்டச்சு செய்வதுபோல ஒவ்வொரு எழுத்தாக வரும் எஃபெக்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அழகாக வரும். அதில் 'கோட்டை' என்று கொடுத்தால் முதலில் 'க' வரும். பிறகு அது 'கோ' ஆகும். அடுத்து 'கோட', 'கோட்', 'கோட்ட', கடைசியில் 'கோட்டை'. நடுவில் கொம்பும் காலும் திடீரென முளைத்து, முன்னால் நின்ற எழுத்து இடம் நகரும். கம்ப்யூட்டருக்குள் க, ஓகாரக் குறி, ட, புள்ளி, ட, ஐகாரக் குறி என ஆறு குறியீடுகளாக அந்தச் சொல் இருப்பதுதான் காரணம். நம் கண்ணுக்கு அது கோ, ட், டை என மூன்றே எழுத்து. 'ரஞ்சன்குடி' என்றால் நமக்கு ஆறு, கம்ப்யூட்டருக்குப் பத்து.

இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கத் தெரியாத பழைய மென்பொருள்களில் நிலைமை இன்னும் மோசம். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் எனப் பிய்ந்து நிற்கும். அதனால்தான் டிசைன் கடைகளில் யூனிகோடு வந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுத்து எழுத்தாக அசைக்காமல் சொல் சொல்லாக அசைப்பார்கள். அல்லது எழுத்தையே ஓவியமாக மாற்றிக்கொண்டு, 'ழ'வின் வால் சுழிந்து இறங்குவதை, 'ஐ'யின் சுழி விரிவதை அந்தந்த எழுத்தின் வளைவிலேயே வரைந்து காட்டுவார்கள். தமிழ் எழுத்தில் இருக்கும் வளைவுகளுக்கு இது பிரமாதமாக வரும்.

இன்னொரு விஷயம், தமிழ்ச் சொற்கள் நீளம். நிமிர்ந்து நிற்கும் செல்போன் திரையில் 'பெரம்பலூர் சின்ன வெங்காயம்' என்று ஒரே வரியில் போட்டால் எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும். மூன்று வரியாக உடைத்து ஒவ்வொன்றாக இறக்கினால் தாத்தா பாட்டியும் கண்ணாடி தேடாமல் படிப்பார்கள்.

ரஞ்சன்குடியை 30 நொடியில் காட்டுவதென்றால்?

நெடுஞ்சாலையில் பார்த்த கோட்டைக்குத் திரும்பி வருவோம். 17-ம் நூற்றாண்டில் ஆற்காடு நவாபுக்குக் கீழ் இருந்த ஒரு ஜாகிர்தார் கட்டியது என்பது இதன் வரலாறு. நீள்சதுர அமைப்பு, சுற்றிலும் அகழி, வெவ்வேறு உயரங்களில் மூன்று சுற்று மதில், உள்ளே மசூதி, நிலவறைகள். இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. போட்டோவில் எடுத்தால் பெரும்பாலும் ஒரு மதிலும் கொஞ்சம் வானமும்தான் சிக்கும்.

மோஷன் கிராஃபிக்ஸில் இதை விளக்குவது எளிது. மேலிருந்து பார்க்கும் ஒரு வரைபடம். வெளி மதில் ஒரு கோடாக ஓடிவந்து தன்னைச் சுற்றி முடிக்கிறது. அகழியில் நீல நிறம் நிரம்புகிறது. அடுத்த மதில் ஒரு படி மேலே எழும்புகிறது, அதற்கும் மேலே மூன்றாவது. பத்து நொடியில், ஒரு மதிலைப் பிடித்தாலும் கோட்டையைப் பிடித்ததாகாது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். அறிவிப்புப் பலகையில் இதை எழுதி விளக்க ஒரு பக்கம் வேண்டும்.

அடுத்த 20 நொடிதான் கஷ்டம். 1751-ல் இங்கே வாலிகொண்டா போர் நடந்தது. முகமது அலிக்கு ஆதரவாக ஆங்கிலேயர், சந்தா சாகிப்புக்கு ஆதரவாக பிரெஞ்சுக்காரர். வரைபடத்தில் வடக்கே இருந்து ஒரு அம்பு, தெற்கே இருந்து ஒரு அம்பு. சரி, மோதிய பிறகு எந்த அம்பு பின்வாங்க வேண்டும்?

சுற்றுலாக் குறிப்புகளில் ஆங்கிலேயர் தரப்பு வென்றது என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் கிழக்கிந்திய கம்பெனியின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம், ஆங்கிலேயப் படையைப் பெருமைப்படுத்தவே எழுதிய ஆள், வேறு மாதிரி சொல்கிறார். கோட்டைப் பொறுப்பாளர் யாருக்கும் கதவைத் திறக்காமல் இரு தரப்பையும் இழுத்தடித்தார். சண்டை மூண்டதும் ஆங்கிலேயப் படையில் பீதி பரவியது. அவர்கள் ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிப் பக்கம் பின்வாங்கினார்கள் என்பது அவர் தரும் சித்திரம்.

எழுத்தில் என்றால் 'ஒரு தரப்பு இப்படிச் சொல்கிறது, மறு தரப்பு அப்படிச் சொல்கிறது' என்று போட்டுவிடலாம். அம்புக்கு அந்த வசதி கிடையாது. அது ஏதாவது ஒரு பக்கம் திரும்பியே ஆக வேண்டும். வீரர்களின் தலைப்பாகைக்கு என்ன நிறம், அரண்மனைக்கு எத்தனை மாடி என்று ஓவியர் எதையாவது வரைந்தே தீர வேண்டும். வரைந்து பின்னணி இசையும் சேர்த்துவிட்டால் பார்ப்பவர் மனதில் அதுவே வரலாறாகப் பதிந்துவிடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நாம் ஏற்கெனவே பார்த்துப் பழகிய இரண்டு கிராஃபிக்ஸிலேயே இருக்கிறது. வானிலை மையத்தின் புயல் வரைபடத்தில் பாதை போகப் போகக் கூம்பாக விரியும். 'இந்த அகலத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாம்' என்று அர்த்தம். இன்னொன்று கிரிக்கெட். 2001-ல் லார்ட்ஸ் டெஸ்டில் முதன்முதலில் டிவிக்கு வந்த ஹாக்-ஐ, பேடில் பட்ட பிறகு பந்து எங்கே போயிருக்கும் என்று ஒரு கோடு போடுகிறது. படும் வரைக்கும் உள்ள கோடு நடந்தது. அதற்குப் பின் உள்ளது கணக்கு. ஸ்டம்பின் ஓரத்தை மட்டும் உரசினால் 'அம்பயர்ஸ் கால்' என்று அந்தக் கணக்கே ஒதுங்கிக்கொள்கிறது. அதை வைத்து எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது என்றாலும், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் கிராஃபிக்ஸ் அது.

கோட்டைக்கும் அப்படியே செய்யலாம். இன்று நிற்கும் மதிலுக்கு முழுக் கோடு, ஊகித்து வரையும் கூரைக்குப் புள்ளிக் கோடு. போர்க் காட்சியில் இரண்டு அம்புகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, எது யார் சொன்னது என்று பக்கத்தில் போட்டுவிட்டால் போதும். இதற்குக் கூடுதல் செலவு என்று பார்த்தால் ஐந்து நொடி.

கட்டாத வீட்டைக் காட்டும் வீடியோ

இல்லாமல் போன கோட்டைக் கூரையை வரையும் அதே மென்பொருள்தான் இன்னும் வராத வீட்டு மனைப் பிரிவையும் வரைகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் கொடி நட்டு, கல் ஊன்றிய நிலம். வாட்ஸ்அப்பில் வரும் 3டி வீடியோவில் அதே இடத்தில் ஆர்ச், பூங்கா, நீச்சல் குளம், இரவு விளக்கில் மின்னும் தார்ச் சாலை. மாலை வெயிலில் ஒரு குழந்தை சைக்கிள் ஓட்டிப் போகும். கீழே ஓரத்தில் மங்கலாக, 'கற்பனைப் படம்' என்று ஒரு வரி. நகையை அடகு வைத்து, வளைகுடாவில் சம்பாதித்த பணத்தைச் சேர்த்து அட்வான்ஸ் கொடுக்கும் குடும்பம் அந்த வரியை எங்கே பார்க்கப் போகிறது?

சட்டம் இதைக் கவனித்திருக்கிறது. 2016-ம் ஆண்டின் ரெரா சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவையோ எட்டு வீட்டுக்கு மேற்பட்ட குடியிருப்பையோ ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு இன்னும் நேரடியானது. விளம்பரத்திலோ மாதிரி வடிவத்திலோ காட்டிய தவறான தகவலை நம்பிப் பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும். அவர் திட்டத்திலிருந்து விலக விரும்பினால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

மற்ற பொருட்களுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஷாம்பு விளம்பரத்தில் முடிக்குள் புகுந்து ஓட்டை அடைக்கும் நீலத் துகள், பேஸ்ட் பட்டதும் அலறி ஓடும் கிருமி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கார்ட்டூன் கிருமி அலறுவதில் குற்றமில்லை, அது விளையாட்டு என்று பார்ப்பவருக்கே தெரியும். பக்கத்திலேயே '99 சதவீதம்' என்று ஒரு எண் சுழன்று வந்து நிற்கிறதே, அதற்கு ஆதாரம் வேண்டும். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிமுறைகள், பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும், எழுத்தும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்கின்றன. தமிழில் பேசிவிட்டு ஆங்கிலத்தில் பொடி எழுத்து ஓடவிடுவது அந்த விதிக்குப் பொருந்தாது.

மனை வீடியோ வந்தால் என்ன செய்யலாம்?

வீடியோவில் ரெரா பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் நிறுத்திப் பாருங்கள். 'டிடிசிபி அப்ரூவ்டு' என்பது வேறு, ரெரா பதிவு வேறு. எண் இருந்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தத் திட்டத்தைத் தேடி, அங்கே உள்ள லேஅவுட் வரைபடத்தையும் வீடியோவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வீடியோவில் பூங்கா இருந்து வரைபடத்தில் இல்லையென்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பகலில் நேரில் போய், 3டி கேமரா காட்டாத பக்கத்தில் என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

வீடியோ, அது வந்த தேதி, அனுப்பிய எண் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். நாளைக்குப் புகார் கொடுக்க நேர்ந்தால், '12-வது பிரிவில் சொல்லும் விளம்பரம் இதுதான்' என்று காட்ட அதுதான் ஆதாரம். மற்ற பொருட்களின் விளம்பரம் பற்றிய புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.